மூன்று இரவுக் கப்பல் பயணத்தில் உடன் வருபவர்கள் யார்? – வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம்.

சென்ற மே மாதம் எங்கள் மூலம் சிங்கப்பூரிலிருந்து மூன்று இரவுக் கப்பல் பயணம் போய்வந்த ஒரு தம்பதி, ஊர் திரும்பிய மறுநாளே அலுவலகத்துக்கு வந்துவிட்டார்கள். அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு பிள்ளைகள் எடுத்துக்கொடுத்த டிக்கெட் அது. "கடலைப் பார்த்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருக்கலாம் என்றுதானே தம்பி சொன்னீர்கள்?" என்று பெரியவர் கேட்டார். குரலில் கோபமே இல்லை. அதுதான் எங்களைச் சுட்டது. அவர்கள் போன கப்பலில் ஏதோ ஒரு நிறுவனம் தன் டீலர்களை நூற்றுக்கணக்கில் அழைத்து வந்திருந்தது. ஒரே நிறத்தில் பனியன், ஒரே நிறத்தில் தொப்பி. நீச்சல் குளத்தருகே நள்ளிரவு வரை ஆட்டம். லிஃப்டுக்குக் காத்திருந்தே கால் வீங்கிவிட்டது என்றார் அந்த அம்மாள். "கல்யாண மண்டபத்தில் மூன்று நாள் தங்கிவிட்டு வந்ததுபோல இருந்தது. தாலி கட்டியதைத்தான் பார்க்கவில்லை."

தவறு எங்களுடையது. அறையைப் பற்றிச் சொன்னோம், சாப்பாட்டைப் பற்றிச் சொன்னோம், விசாவைப் பற்றி மூன்று தடவை சொன்னோம். உடன் வரப்போகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

எங்களிடம் வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "எந்தக் கப்பல் நல்ல கப்பல்?" என்பதுதான். கேட்க வேண்டியது "எந்தத் தேதி?" ஸ்ரீரங்கம் கோயில் என்றைக்கும் அதே கோயில்தான், ஆனால் சாதாரணச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் போவதும் வைகுண்ட ஏகாதசி அன்று போவதும் ஒன்றா? கப்பலும் அப்படித்தான். அதே தளம், அதே குளம், அதே சமையல். ஏறுகிற கூட்டம் மாறினால் கப்பலே வேறாகிவிடுகிறது.

அளவைச் சொன்னால் விளங்கும். சிங்கப்பூரிலிருந்து ஓடும் 'கெந்திங் டிரீம்' 335 மீட்டர் நீளம். நம் ராஜகோபுரத்தைப் படுக்கவைத்து அளந்தால் நாலரைக்கும் மேலே வரும். அறைக்கு இருவர் என்று கணக்கிட்டாலே 3,300 பேருக்கு மேல் கொள்ளும். ராயல் கரீபியனின் 'ஸ்பெக்ட்ரம் ஆஃப் த சீஸ்' அதைவிடப் பெரிது. அதே கணக்கில் 4,200-ஐத் தாண்டும். இந்த 'அறைக்கு இருவர்' என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பள்ளி விடுமுறையில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று ஒரே அறையில் நால்வர் ஏறுவார்கள். சுவரோடு மடித்து வைத்திருக்கும் மேல்படுக்கைகள் எல்லாம் கீழே இறங்கும். கப்பல் ஓர் அங்குலம்கூட நீளாது. ஆட்கள் மட்டும் ஆயிரம் பேர் கூடிவிடுவார்கள்.

குறுகிய பயணத்துக்கென்று ஒரு குணம் உண்டு. பத்து நாள், பதினைந்து நாள் பயணத்துக்குப் பணமும் வேண்டும், விடுப்பும் வேண்டும். இரண்டும் ஒருசேர இருப்பவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். அந்தக் கப்பல்களில் இரவு பத்து மணிக்கே நடைபாதை அடங்கிவிடும். இரண்டு இரவு, மூன்று இரவு என்றால் யார் வேண்டுமானாலும் வரலாம். முதல் தடவை கப்பல் ஏறுகிறவர்கள், அலுவலக நண்பர்கள், கல்யாணத்துக்கு முன் கடைசியாக ஒரு கொண்டாட்டம் என்று கிளம்பும் இளைஞர்கள், தாத்தா முதல் பேரன் வரை மூன்று தலைமுறையாக வரும் குடும்பங்கள். எல்லோருக்கும் நேரம் குறைவு. கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும், எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட வேண்டும். நீண்ட பயணத்தில் நான்காவது நாள் வரும் அந்தச் சோம்பல் இதில் வரவே வராது. அதற்குள் பெட்டி கட்டும் நேரம் வந்துவிடும்.

இது நம் பக்கத்துப் பழக்கம் மட்டும் அல்ல. அமெரிக்காவில் மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளுக்கு வெள்ளிக்கிழமை கிளம்பினால் மூன்று இரவு, திங்கட்கிழமை கிளம்பினால் நான்கு இரவு என்று பல காலமாக ஓட்டிவருகிறார்கள். வெள்ளிக்கிழமைக் கப்பல் ஆட்டக் கப்பல், திங்கட்கிழமைக் கப்பல் கொஞ்சம் நிதானமான கப்பல் என்று அங்கே போய்வந்தவர்கள் சொல்வார்கள். அந்த ஓட்டத்துக்கென்றே பிரான்சின் சென்-நசேர் துறையில் கட்டி, 1990-இல் 'நார்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரில் இறக்கிவிட்ட கப்பல் ஒன்று உண்டு. பெயர்கள் மாறி, கைகள் மாறி, அதுதான் இன்று கார்டிலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்'. 2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்தில் முதலமைச்சர் கொடியசைத்து அனுப்பிவைத்தாரே, அதே கப்பல். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சிங்கப்பூர். எங்கள் டிக்கெட்டுகளில் பெரும்பகுதி அங்கிருந்துதான்.

வெள்ளி மாலை ஏறி ஞாயிறு இறங்கும் இரண்டு இரவுப் பயணம் சிங்கப்பூர்வாசிகளின் வாரக்கடைசி. வாரம் முழுக்க வேலை பார்த்தவர்கள் தூங்க வரவில்லை. கரோக்கி அறை, கேசினோ, குளத்தருகே பாட்டு என்று இருப்பார்கள். கப்பல் துறையை விட்டுக் கடலுக்குப் போன பிறகுதான் கேசினோ திறக்கும். திறந்தால் விடிய விடிய. இதில் ஒரு நன்மையும் உண்டு. இரவுப் பறவைகள் காலை ஒன்பது வரை கண் திறக்க மாட்டார்கள். ஆறு மணிக்கு மேல்தளத்துக்கு ஒரு காபியோடு போனால், கழுவிவிட்ட பலகைத் தரை, மலாக்கா நீரிணையில் வரிசையாகப் போகும் எண்ணெய்க் கப்பல்கள், பக்கத்தில் நடைப்பயிற்சி செய்யும் இரண்டு முதியவர்கள், அவ்வளவுதான். பெரியவர் கேட்ட அமைதி இந்த அதிகாலை நேரத்தில் கிடைக்கும். அதை முன்கூட்டியே அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

வார நடுவில் கிளம்பும் மூன்று, நான்கு இரவுப் பயணங்கள் வேறு மாதிரி. பினாங்கு, புக்கெட் என்று தொட்டு வருபவை. வேலைக்குப் போகும் சிங்கப்பூர்க்காரர்கள் குறைவு. தேனிலவு ஜோடிகள், ஆஸ்திரேலிய முதியவர்கள், நம் ஊர்க் குடும்பங்கள் அதிகம். ஆனால் சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறை குறுக்கே வந்தால் இந்தக் கணக்கு தவறிவிடும். மார்ச்சில் ஒரு வாரம், ஜூன் முழுக்க, செப்டம்பரில் ஒரு வாரம், நவம்பர் பாதியிலிருந்து டிசம்பர் முடிய. சீனப் புத்தாண்டு இதில் சேராது. அது தனிக் கூட்டம். அவர்கள் காலண்டரில் இடம் விட்டால் நம் காலண்டர் பிடித்துக்கொள்ளும்: ஏப்ரல், மே இரண்டும் இந்தியக் குடும்பங்கள், தீபாவளி வாரமும் அப்படியே.

டீலர் குழுக்களைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சிமென்ட், பெயின்ட், பூச்சிமருந்து, பம்புசெட் என்று விற்பனை இலக்கை எட்டியவர்களை நிறுவனங்கள் கப்பலுக்கு அழைத்துப் போவது இப்போது வழக்கம். தமிழ்நாட்டு டீலர்களும் அதில் ஏராளம். சிலர் எங்கள் பழைய வாடிக்கையாளர்கள், இந்த மடல் அவர்களுக்கும் போகிறது. வருடம் முழுக்கக் கடையில் நின்றவர்கள் மூன்று நாள் ஆடுவதில் குற்றம் இல்லை. நமக்குத் தொல்லை எங்கே என்றால், அவர்கள் நூற்றுக்கணக்கில் ஒரே நேரத்தில் நகர்வார்கள். பரிசளிப்பு முடிந்து அரங்கின் கதவு திறந்தால், ஆறு லிஃப்டும் கால் மணி நேரத்துக்கு நமக்கு இல்லை. பஃபேயில் பனீர் தட்டு கண்ணெதிரே காலியாகும். பெரிய குழு இருக்கிறதா என்று முன்பதிவுக்கு முன் கப்பல் நிறுவனத்தின் முகவரிடம் கேட்டால் பல சமயம் சொல்லிவிடுவார்கள். நாங்கள் கேட்கவில்லை. இனி கேட்போம்.

கப்பலுக்குள் நெருக்கடி எங்கெல்லாம் வரும் என்பதும் ஏறக்குறைய மணி அடித்தாற்போலத் தெரிந்த விஷயம். முதல் நாள் மத்தியானம் அறை தயாராகியிருக்காது. எல்லோரும் கைப்பையோடு பஃபேக்குத்தான் போவார்கள். ஒரு கையில் தட்டு, ஒரு கையில் குழந்தை, உட்கார இடம் தேடிச் சுற்றும் அப்பாக்களை அங்கே பார்க்கலாம். பன்னிரண்டரைக்குள் சாப்பிட்டுவிடுங்கள், அல்லது மூடுவதற்கு அரை மணி முன்பு போங்கள். கடலில் கழியும் நாளில் குளத்தருகே சாய்வு நாற்காலி கிடைப்பது குதிரைக்கொம்பு. காலையிலேயே துண்டு போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பஸ் இருக்கையில் துண்டு போட்ட பரம்பரைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெரிய கப்பல்களில் அரங்க நிகழ்ச்சிகள் இலவசம்தான். ஆனால் கப்பலின் செயலியில் முன்பே இடம் பதிய வேண்டும். பதியாதவர்கள் வாசலில் நிற்பார்கள். கடைசி இரவு பெட்டிகளை வெளியே வைக்கச் சொல்வார்கள். நடைபாதை ரயில்வே பிளாட்பாரம்போல ஆகிவிடும். உங்கள் பெட்டியை நீங்களே தூக்க முடிந்தால் வெளியே வைக்காமல் கையோடு கொண்டு இறங்குங்கள். இறங்கும் நாளில் மத்தியானத்துக்கு முன் திருச்சி விமானம் போடச் சொல்லி எங்களை வற்புறுத்தாதீர்கள்.

அமைதி வேண்டுபவர்களுக்கு எங்கள் கைவசம் உள்ள பெரிய ரகசியம் பினாங்கு. கப்பல் ஸ்வெட்டன்ஹாம் துறையில் கட்டியதும் பாதிக் கப்பல் இறங்கிவிடும். பினாங்கை முன்பே பார்த்தவர் என்றால் இறங்காதீர்கள். காலை பத்திலிருந்து மத்தியானம் வரை குளம், நாற்காலி, வெந்நீர்த் தொட்டி எல்லாம் உங்களுக்குத்தான். பார்க்காதவர் என்றால் அவசியம் இறங்குங்கள். ஜார்ஜ் டவுன் 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஊர். குட்டி இந்தியா துறையிலிருந்து நடக்கும் தூரம்தான். குயின் தெருவில் 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில் இருக்கிறது. தமிழில் வழி கேட்டால் தமிழிலேயே பதில் வரும். புக்கெட்டில் கப்பல் சில சமயம் கரையணையாது. நங்கூரமிட்டுப் படகில் இறக்குவார்கள். அங்கே ஏற, இறங்க இரண்டுக்கும் வரிசை. முட்டிவலி இருப்பவர்களுக்கு அந்த வரிசை வேண்டாம்.

அறை எடுக்கும்போது பால்கனி இருக்கிறதா என்பதோடு, மேலும் கீழும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தலைக்கு மேல் குளம் என்றால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம். காலுக்குக் கீழ் அரங்கம் என்றால் இரவெல்லாம் தாளம். மேலும் கீழும் அறைகளே உள்ள தளமாக, லிஃப்டிலிருந்து கொஞ்சம் தள்ளி எடுத்தால், எவ்வளவு பெரிய கூட்டமானாலும் கதவைச் சாத்தியதும் உங்கள் வீடுதான். கூட்ட நாளில் பால்கனிக்குக் கொடுக்கும் கூடுதல் காசு வீண் இல்லை என்பது எங்கள் கருத்து. ஆட்டம்பாட்டத்துக்கே போகிறவர்கள் ஜன்னல் இல்லாத உள்ளறை எடுத்து மிச்சம் பிடிக்கலாம். எப்படியும் அறையில் இருக்கப் போவதில்லை.

சென்னையிலிருந்து 'எம்ப்ரஸ்' கிளம்பும் பருவங்களைப் பற்றி அடிக்கடி கேட்கிறீர்கள். ஏறத்தாழ 800 அறைகள். சிங்கப்பூர்க் கப்பல்களோடு பார்த்தால் சின்னது. முழுக்க நம் நாட்டுக் கூட்டம். ஏறிய ஒரு மணி நேரத்தில் பக்கத்து மேசைக்காரர் எந்த ஊர், என்ன தொழில், பிள்ளை எங்கே படிக்கிறான் என்பதெல்லாம் தெரிந்துவிடும். அந்தாட்சரி உண்டு, இந்திப் பாட்டு உண்டு, சாப்பாட்டுக்கு அலைய வேண்டாம். சின்னக் கப்பலில் ஒதுங்க இடம் குறைவு என்பதையும் மனதில் வையுங்கள். மேற்குக் கடற்கரையில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில்தான் அது பெரும்பாலும் நம் பக்கம் வருகிறது. மலாக்கா நீரிணைபோல நம் கடல் கைகட்டி நிற்காது. தலைசுற்றல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு மாத்திரை வைத்துக்கொள்ளுங்கள்.

இனிமேல் கப்பல் டிக்கெட் கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும் நாங்கள் நான்கு கேள்வி கேட்போம்: இரவு எத்தனை மணிக்குத் தூங்குவீர்கள், கூட வருபவர்களில் சின்னவர் வயது என்ன, மூத்தவர் வயது என்ன, வரிசையில் எவ்வளவு நேரம் நிற்க முடியும். போலீஸ் விசாரணை என்று நினைக்காதீர்கள். அதற்கேற்ற தேதியைத்தான் முதலில் காட்டுவோம், கப்பல் பிறகு. விலை குறைந்த தேதி ஒன்றை நீங்களே கண்டுபிடித்துக்கொண்டு வந்தால், அந்த வாரம் எந்த ஊரில் என்ன விடுமுறை என்று பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் பணம் வாங்குவோம்.

அந்தப் பெரியவரும் அம்மாளும் அடுத்த பிப்ரவரிக்கு மறுபடியும் கேட்டிருக்கிறார்கள். சீனப் புத்தாண்டு முடிந்து பத்து நாள் தள்ளி, திங்கட்கிழமை கிளம்பும் நான்கு இரவுப் பயணமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். "பனியன்காரர்கள் இருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுவிடு தம்பி" என்று அம்மாள் போன வாரமும் தொலைபேசியில் நினைவூட்டினார்.

இப்படிக்கு,
உங்கள் பயண அலுவலகத்தார்,
தில்லைநகர், திருச்சி.

பி.கு.: வெந்நீர்க் கெட்டில், இஸ்திரிப்பெட்டி, நீட்டிப்புப் பலகை மூன்றையும் கப்பலில் ஏற்ற விடமாட்டார்கள், வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். வீட்டில் கிளறிய புளியோதரைக்கும் அனுமதி இல்லை. கடையில் வாங்கி, உறை பிரிக்காத பருப்புப்பொடி பெரும்பாலும் தப்பித்துவிடும்.