மதுரைக்குப் போகிறோம், கோயிலுக்கு அல்ல

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் மதுரைப் பயணத் திட்டத்தைப் பார்த்துவிட்டுச் சிலர் பள்ளிக்கே நேரில் வந்து கேட்டீர்கள்: "மதுரை வரை போய் மீனாட்சி அம்மனைப் பார்க்காமல் திரும்புவதா?" கேள்வியில் நியாயம் இருக்கிறது. நானும் அம்மனைக் கும்பிடுகிறவன்தான். ஆனாலும் திட்டம் மாறாது.

சென்ற ஆண்டு கோயில், மகால், தெப்பக்குளம் மூன்றையும் ஒரே நாளில் காட்டிவிட நினைத்தோம். அது எங்கள் தவறு. பாதி நாள் வரிசையில் போய்விட்டது. திரும்பி வந்ததும் எழுதச் சொன்ன கட்டுரையில் ஒரு மாணவி, "எனக்கு முன்னால் நின்றவர் நீலக் கட்டம் போட்ட சட்டை அணிந்திருந்தார்" என்று தொடங்கியிருந்தாள். பார்த்ததைத்தானே எழுத முடியும்? முழு மதிப்பெண் போட்டேன். கோயிலுக்கு நீங்களே ஒருநாள் பிள்ளைகளை அழைத்துப் போவீர்கள். நீங்கள் அழைத்துப் போக வாய்ப்பில்லாத இடங்களை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் கீழக்குயில்குடி. ஊருக்கு மேற்கே, தாமரைக் குளமும் ஐயனார் கோயிலும் அடிவாரத்தில் இருக்க, மேலே மொட்டைப் பாறையாகச் சமணர்மலை. வழி பார்த்து வரச் சென்ற மாதம் நானும் இரண்டு ஆசிரியர்களும் ஏறினோம். கல்லில் வெட்டிய படிகள்தான். மூச்சு வாங்கினாலும் ஏறிவிடலாம். நடுவழியில் பேச்சிப்பள்ளம் என்ற சுனை. அதை ஒட்டிய பாறையில் சமணர்கள் வணங்கும் மகாவீரர், தலைக்குமேல் பாம்பு படம் விரித்த பார்சுவநாதர், காலில் கொடி சுற்றிய பாகுபலி என்று வரிசையாகச் சிற்பங்கள். அவற்றுக்குக் கீழே வட்டெழுத்து என்ற பழந்தமிழ் எழுத்து. ஏறத்தாழ 9, 10-ஆம் நூற்றாண்டில் வெட்டியவை. காலை வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு எழுத்தின் விளிம்பிலும் மெல்லிய நிழல் கட்டுகிறது. உச்சி வெயிலில் அதே பாறை வெறும் பாறையாகத் தெரிகிறது. அதனால்தான் விடியற்காலைப் பயணம். தூக்கம் கெடுவதாகக் குறைப்பட்டுக்கொண்டவர்களுக்கு இதுவே என் பதில்.

அந்தக் கல்வெட்டுகளில் குறண்டித் திருக்காட்டாம்பள்ளியைச் சேர்ந்த துறவியரும் அவர்களுடைய மாணாக்கரும் வருகிறார்கள். சமணத் துறவியர் தங்கிய இடத்துக்குப் பள்ளி என்று பெயர். நம் வாசல் பலகையில் எழுதியிருக்கும் அதே சொல் மலைமேல் வெட்டிக் கிடப்பதைக் கண்டபோது, முப்பது ஆண்டுகளாக வாத்தியாராக இருக்கும் எனக்குச் சற்று நேரம் பேச்சு வரவில்லை.

மலையிலிருந்து இறங்கி நகரத்துக்குள். அங்கே நாங்கள் காட்டப்போவதில் முக்கியமானது இப்போது இல்லை. மதுரையைச் சுற்றிக் கோட்டையும் அகழியும் இருந்தன. 1840-களில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன், சுவரை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கு அந்த இடத்திலேயே நிலம் தருவதாக அறிவித்தார். கோட்டை மறைந்தது, வீதிகள் பிறந்தன. அந்த வேலையில் இருந்தவர்களின் பெயர்கள்தான் இன்றும் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்று பஸ் நடத்துநர் வாயில் புழங்குகின்றன. பிளாக்பர்ன் நினைவாக வைத்த விளக்குத்தூண் ஒரு பகுதிக்கே பெயராகிவிட்டது. ஆனால் தூணை நிமிர்ந்து பார்ப்பவர் யாரும் இல்லை. மிஞ்சிய கோட்டைத் துண்டு ஒன்று பெரியார் பஸ் நிலையம் அருகே நிற்கிறது. மாணவர்கள் கையில் வரைபடத்தோடு நடந்து, சுவர் எங்கே ஓடியிருக்கும் என்று கோடு போட வேண்டும். தப்பாகப் போட்டாலும் பரவாயில்லை.

வழியில் பத்துத் தூண். திருமலை நாயக்கர் அரண்மனையின் இடிபட்ட பகுதியில் மிஞ்சியது, துணிக்கடைச் சந்துக்குள் தனியாக நிற்கிறது. புதுமண்டபத்துக்குக் கிழக்கே அவரே தொடங்கி முடிக்காமல் விட்ட ராய கோபுரம். நிலைக்கால்களைப் பார்த்தாலே முடிந்திருந்தால் எவ்வளவு உயரம் போயிருக்கும் என்று கழுத்து வலிக்கும். மேல மாசி வீதியில், 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி அரையாடைக்கு மாறிய வீட்டையும் பார்க்கிறோம்.

ஒரு கண்டிப்பு. சமணர்மலை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. கல்லில் கீறுவது குற்றம். "அவர்கள் மட்டும் வெட்டவில்லையா சார்?" என்று ஒரு மாணவன் ஏற்கெனவே கேட்டுவிட்டான். நல்ல கேள்விதான், ஆயிரம் ஆண்டு கழித்து வந்து கேட்கச் சொல்லியிருக்கிறேன். கூர்மையான எதுவும் பையில் இருக்கக் கூடாது.

அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை அதிகாலை 4.30 மணிக்குப் பஸ் பள்ளி வாசலில் நிற்கும். செருப்பு வேண்டாம், ஷூ போட்டு அனுப்புங்கள். இரண்டு பாட்டில் தண்ணீர், தொப்பி, நோட்டு, பென்சில் போதும்; கைபேசிக்கு அனுமதி இல்லை. ஆஸ்துமா, மயக்கம் போன்ற தொந்தரவு இருந்தால் மறைக்காமல் படிவத்தில் எழுதுங்கள். அந்தப் பிள்ளைகள் ஆசிரியர் ஒருவரோடு அடிவாரத்துக் குளக்கரையில் இருந்து வரையலாம். பயணச் செலவு கட்ட முடியாதவர்கள் என்னைத் தனியே பாருங்கள். வேறு யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர வேண்டும். துணைக்கு வர நான்கு பெற்றோர் தேவை. மலை ஏறக்கூடியவர்களாக இருந்தால் நல்லது. என்னைத் தூக்கிவிடவும் ஆள் வேண்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்