புல்வெளியில் குழி தோண்டும் முன்: பசுமைத் தமிழ்நாடு இயக்கத்துக்கு ஒரு திறந்த மடல்

பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தை நடத்தும் அதிகாரிகளுக்கும், அதற்கு இடம் ஒதுக்கித் தரும் மாவட்ட ஆட்சியர்களுக்கும் வட்டாட்சியர்களுக்கும் வணக்கம்.

2022 செப்டம்பரில் இந்த இயக்கத்தைத் தொடங்கியபோது, மாநிலத்தின் காட்டுப் பரப்பையும் மரப் பரப்பையும் 33 விழுக்காடாக உயர்த்துவதே இலக்கு என்று அறிவித்தீர்கள். சாலையோரங்களிலும் பள்ளி வளாகங்களிலும் ஏரிக்கரைகளிலும் மரம் நடுவதை நான் மனதார வரவேற்கிறேன். இந்த மடல் வேறோர் இடத்தைப் பற்றியது. வருவாய்ப் பதிவேட்டில் தரிசு என்றும் மேய்ச்சல் புறம்போக்கு என்றும் எழுதப்பட்டு, கோடையில் வெறும் பொட்டலாகத் தெரியும் புல்வெளிகள் நம் வறண்ட மாவட்டங்களில் இன்னும் மிச்சமிருக்கின்றன. மரக்கன்றுக்கு இடம் தேடும்போது கண்ணில் முதலில் படுவதும் அவைதாம். அங்கே குழி தோண்ட வேண்டாம் என்று கேட்கவே எழுதுகிறேன். என் பக்கத்துச் சாட்சி, பனிக்காலத்தில் ஆந்தைகள் அங்கே தின்னும் இரை.

ஆந்தை தன் இரையைப் பெரும்பாலும் முழுதாகவே விழுங்குகிறது. தசை செரித்துவிடும், எலும்பு, மயிர், வண்டின் ஓடு ஆகியவற்றை உருண்டையாகத் திரட்டி வாய்வழியே கக்கிவிடும். பருந்தும் இப்படிக் கக்கும் என்றாலும், அதன் வயிற்று அமிலம் கடுமையானது. எலும்பில் பெரும்பகுதியைக் கரைத்துவிடும். ஆந்தையின் வயிற்றில் எலும்புகள் ஏறக்குறைய சிதையாமல் தங்குகின்றன. அந்த உருண்டையை நீரில் ஊறவைத்துப் பிரித்தால் தாடை தாடையாகக் கிடைக்கும். மேல் முன்பற்களில் நீளவாக்கில் ஒரு பள்ளக்கோடு இருந்தால் அது வெள்ளெலி. பற்கள் ஊசி ஊசியாக இருந்தால் மூஞ்சூறு. விரல் நகத்தைவிடச் சிறிய தாடை என்றால் பெரும்பாலும் வயல் சுண்டெலி. ஒரு நிலத்தில் என்ன உயிர்கள் வாழ்கின்றன என்பதற்கு இதைவிட மலிவான கணக்கெடுப்பு எனக்குத் தெரியவில்லை. உபகரணம் என்று பார்த்தால் ஒரு கிண்ணம், ஒரு இடுக்கி, ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி போதும்.

வடக்கே ஐரோப்பாவிலும் சைபீரியாவிலும் பனிக்காலம் ஆந்தைக்குப் பஞ்சகாலம். உறைபனி புல்லை மூடிவிட்டால் எலி அதன் அடியில் ஒளிந்துகொள்ளும். அதனால்தான் குட்டைக்காது ஆந்தை போன்றவை கூட்டமாகத் தெற்கு நோக்கி வருகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் இந்தியப் புல்வெளிகளுக்கு வந்து பங்குனிக்குள் திரும்பிவிடும் பறவை அது. மரத்தில் அடைவதைவிடப் புல்லுக்குள் தரையில் அடைவதே அதன் வழக்கம். மாலை வெயில் சாயும்போதே எழுந்து, புல்லின் தலையை உரசுவதுபோலத் தாழப் பறந்து, காதால் இரை தேடும். அந்த வேட்டைக்குத் திறந்த வெளி வேண்டும்.

நம் தமிழ்நாட்டிலோ நிலைமை தலைகீழ். வடகிழக்குப் பருவமழை ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கிறது. கோடை முழுவதும் வேராக மட்டும் உயிர் வைத்திருந்த கொழுக்கட்டைப் புல் தழைத்துக் கதிர் தள்ளி விதை உதிர்க்கிறது. முதலில் பெருகுவன வெட்டுக்கிளியும் வண்டும். புள்ளி ஆந்தைக்கு அவையே முக்கிய உணவு. விதை உதிர உதிர எலி பெருகும். மணற்பாங்கான மேட்டில் வெள்ளெலி, புல் அடர்ந்த இடத்தில் புல் எலி, வரப்பில் சுண்டெலி என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு. பாறையும் ஓடைக்கரையும் உள்ள புல்காடுகளில் கொம்பன் ஆந்தை முட்டையிடுவதும் இந்தப் பருவத்தை ஒட்டித்தான். அது கூடு கட்டுவதில்லை. பாறை விளிம்பிலோ மண்சரிவிலோ வெறுந்தரையில் முட்டையிட்டு ஒரு மாதத்துக்கும் மேல் அடைகாக்கிறது. குஞ்சு பொரித்த பின் இரவெல்லாம் இரை சுமக்க வேண்டும். முயல், கவுதாரி, வௌவால், ஓணான் என்று கிடைத்ததைப் பிடிக்கும் பறவைதான். ஆனாலும் அது கக்கிய உருண்டைகளைப் பிரித்துப் பார்த்தவர்கள் புனே பக்கத்திலும் சரி, புதுச்சேரிப் பக்கத்திலும் சரி, எலிகளையே மிகுதியாகக் கண்டிருக்கிறார்கள்.

அந்த எலிகளில் பல, புல்வெளியில் இருந்து பக்கத்து நெல்லுக்கும் நிலக்கடலைக்கும் போய் வருபவை. மார்கழியிலும் தையிலும் கதிர் முற்றும்போது உழவர் அஞ்சும் எலியும் ஆந்தைக் குஞ்சின் வாய்க்குப் போகும் எலியும் ஒன்றுதான். வயலில் பறவைத் தாங்கிக் குச்சி நடுங்கள், இரவில் ஆந்தை வந்து உட்காரும் என்று வேளாண்துறை பல்லாண்டுகளாகச் சொல்லி வருகிறது, நல்ல அறிவுரை. பகலில் அந்த ஆந்தை அடைவதற்கும் குஞ்சு வளர்ப்பதற்கும் உள்ள இடத்தை இன்னொரு துறை மரக்காடாக்கினால் அந்தக் குச்சியில் எது வந்து உட்காரும்?

மரம் வந்தால் என்ன கெட்டுவிடும் என்று உங்களில் சிலர் கேட்கலாம். நெருக்கி நட்ட மரம் நிழல் விழுத்தும். வெயிலில் மட்டுமே வளரும் புல் அந்த நிழலில் மெலிந்து மறையும். புல் போனால் விதை இல்லை. விதையை நம்பிய எலியும் பூச்சியும் குறையும். குழி தோண்டும் இயந்திரம் வளைகளையும் தரைக் கூடுகளையும் முதல் நாளிலேயே அழித்துவிடும். தாழப் பறந்து வேட்டையாடும் ஆந்தைக்கும் பூனைப்பருந்துக்கும் அந்த இடம் அதன்பின் பயன்படாது. நீலகிரியின் புல்மலைகளில் சென்ற நூற்றாண்டில் வாட்டில் மரத்தையும் தைலமரத்தையும் நட்டோம். இன்று வனத்துறையே வாட்டிலை வெட்டி எடுத்துப் புல்லை மீட்கப் பாடுபடுகிறது. சமவெளியில் அதே செலவை ஏன் மறுபடி இழுத்துவிட வேண்டும்?

கொங்கு நாட்டின் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தைப் பாருங்கள். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரம். மாடும் ஆடும் முறை வைத்து மேயும். மரம் இல்லாத இடம் அல்ல அது. ஆனால் எத்தனை மரம் இருக்கலாம் என்பதைப் புல் தீர்மானிக்கும்படி விட்டிருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகக் காங்கயம் மாட்டை வளர்த்த அந்த ஏற்பாட்டில்தான் ஆந்தைக்கும் பங்கு கிடைத்துவந்தது. புல்லுக்கு ஊறு செய்யாமல் மரம் வைப்பது எப்படி என்று கற்க விரும்பினால், உங்கள் நாற்றங்கால் அலுவலர்களைக் கரூருக்கும் காங்கயத்துக்கும் அனுப்பிவையுங்கள்.

வேளாண்துறைக்கும் ஒரு வார்த்தை. புரோமாடியோலோன் என்ற எலி நஞ்சைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடித் திரியும். தள்ளாடும் எலியே ஆந்தைக்கு எளிதில் அகப்படுவது. குஞ்சு வளரும் மாதங்களில், புல்வெளியை ஒட்டிய வயல்களிலாவது இந்த நஞ்சுக்கு மாற்றாகக் கிட்டிகளையும் வளை தோண்டிப் பிடிப்பவர்களையும் பயன்படுத்தச் சொல்லுங்கள். எலி பிடிப்பதில் தேர்ந்த இருளர் மக்களின் திறமை நம் அருகிலேயே இருக்கிறது.

இனி என் கோரிக்கை. நடவு நடப்பது பருவமழைக்கு முன்னும் மழையின்போதும். எனவே எந்தத் தரிசு நிலத்தை அடுத்த ஆண்டுக்குத் தேர்ந்தெடுத்தாலும், அதற்கு முந்தைய தை, மாசி மாதங்களில் ஒரு முறை அங்கே நடந்து பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரோடு ஓர் ஆடு மேய்ப்பவரையும், அருகில் உள்ள கல்லூரியின் விலங்கியல் மாணவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். பாறை அடியிலும் ஓடைச் சரிவிலும் கிடக்கும் உருண்டைகளை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். வெள்ளெலியும் புல் எலியும் அவற்றில் நிறைந்திருந்தால் அந்தச் சர்வே எண்ணை நடவுப் பட்டியலில் இருந்து நீக்கி, மேய்ச்சல் புல்வெளியாகவே பதிவு செய்யுங்கள். அங்கே சீமைக்கருவேலம் நுழைந்திருந்தால் அதை வேரோடு எடுத்துத் தாருங்கள். அயல் களைத் தாவரங்களை அகற்ற 2022இல் அரசே கொள்கை வகுத்திருக்கிறது. அந்த நிலத்துக்கென வைத்த கன்றுகளை ஊர்த் தெருக்களுக்கும் பள்ளிகளுக்கும் கொடுங்கள். அங்கே நிழலுக்கு ஏங்குபவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

இந்தப் பணிக்கு மாவட்டந்தோறும் பறவை நோக்கர்கள் ஊதியம் இல்லாமலே வருவார்கள். அழைத்தால் நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
கொங்கு நாட்டிலிருந்து ஒரு பறவை நோக்கர்