கேமிங் மவுஸைப் பிடித்துப் பார்த்து வாங்க விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் இணைப்பிதழில், விடுமுறைக்குப் பிள்ளைகளுக்கு கேமிங் மவுஸ் வாங்கித் தருவோருக்காக ஒரு பட்டியல் வந்திருந்தது. ஒவ்வொரு மவுஸுக்கும் எதிரே விலை, டிபிஐ, எத்தனை நிறத்தில் விளக்கு எரியும் என்று மூன்றே விவரங்கள். டிபிஐ அதிகமுள்ளது மேலே, குறைந்தது கீழே. தூத்துக்குடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் எனக்கு இந்த வாரம் முழுக்க அந்தப் பக்கத்தை மடித்து எடுத்து வந்த பெற்றோர்களோடு பேசுவதே வேலையாகிவிட்டது. உங்கள் பட்டியலில் மவுஸின் நீளம் இல்லை, எடை இல்லை, வடிவத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த டிபிஐ. மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால், அசைவைக் கவனிக்க அதன் அடியில் இருக்கும் சென்சார் எத்தனை முறை 'நகர்ந்தேன்' என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது என்ற கணக்கு அது. விண்டோஸில் பாயின்டர் வேகத்தை நடுவில் வைத்து, 'என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்' என்ற இடத்தில் இருக்கும் டிக்கை எடுத்துவிட்டால், ஒரு எண்ணிக்கைக்கு ஒரு பிக்சல் என்று அம்புக்குறி நகரும். வீடுகளில் இருக்கும் சாதாரண ஃபுல் ஹெச்டி மானிட்டரின் அகலம் 1920 பிக்சல். 800 டிபிஐ வைத்தால், ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போக மவுஸை 6 சென்டிமீட்டர் போல நகர்த்த வேண்டும். உங்கள் பட்டியலில் முதலில் நின்ற மவுஸின் 25,600 டிபிஐயை அப்படியே வைத்தால் 2 மில்லிமீட்டர்கூட வேண்டாம். மூச்சு விடும்போது கை அசைகிற தூரம் அது. அந்த வேகத்தில் எதிராளியைக் குறிபார்க்க எந்தப் பிள்ளையாலும் முடியாது.

வலோரன்ட், கவுன்டர் ஸ்டிரைக் மாதிரி துப்பாக்கி விளையாட்டுகளில் பெரிய போட்டிகளுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் 400, 800, 1600 என்ற அளவுகளில்தான் விளையாடுகிறார்கள். இந்த அளவெல்லாம் ஓரளவு நல்ல மவுஸ் எதிலும் உண்டு. ஆயிரங்களைக் கூட்டிக்கொண்டே போவதால் விளையாடும் பிள்ளைக்கு ஒரு லாபமும் கிடையாது. மலிவு மவுஸ்களில் நிலைமை இன்னும் மோசம். பெட்டியில் 12,800 என்று கொட்டை எழுத்தில் இருக்கும். உள்ளே இருக்கும் சென்சாரால் அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க முடியாது. பார்த்ததையே பல மடங்காகப் பெருக்கி அனுப்பும். அம்புக்குறி வழுக்கிப் போகாமல் தாவித் தாவிப் போகிறது என்றால் இதுவும் காரணமாக இருக்கலாம்.

சென்சாரைச் சோதிக்க வேண்டுமென்றால் எண்ணைப் பார்க்காதீர்கள். மவுஸ் பேடின் ஓரத்தில் ஓர் அடையாளம் வைத்து, விளையாட்டுக்குள் ஒரு புள்ளியைக் குறிபார்த்துக்கொண்டு, மவுஸை விருட்டென்று மறுபுறம் இழுத்துவிட்டு, மெதுவாக அடையாளத்துக்கே திரும்பக் கொண்டு வாருங்கள். குறி ஏறத்தாழ பழைய புள்ளியிலேயே வந்து நின்றால் சென்சார் நல்லது. பழைய புள்ளியை விட்டு வெகுவாக விலகி நின்றால் வேகமான அசைவை அது தவறவிடுகிறது. பெயர் பெற்ற நிறுவனங்களின் கேமிங் மவுஸ்களில் இந்தக் குறை இப்போது அநேகமாக இல்லை. பிக்ஸ்ஆர்ட் நிறுவனத்தின் 3360 வரிசை சென்சார்கள் பரவலாகப் புழங்க ஆரம்பித்த பிறகு சென்சார் பற்றிய கவலை தீர்ந்துவிட்டது என்றே நான் வாடிக்கையாளர்களிடம் சொல்வேன்.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது? கையைப் பார்த்துத்தான்.

போன மாதம் பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு பையன் அவன் அப்பாவோடு கடைக்கு வந்தான். அப்பா துறைமுகத்தில் வேலை பார்க்கிறவர். "ஏம்மா, இதுல 25,600 போட்டிருக்கு. கடையில இருந்ததுலயே பெருசு இதுதான். அப்புறமும் சரியில்ல, சரியில்லங்கிறான்" என்று மவுஸை மேசைமேல் வைத்தார். நீளம் 13 சென்டிமீட்டருக்கு மேல், எடை 120 கிராமுக்கு மேல், கூடவே தனியாகச் செருகும் எடைக்கட்டிகள். பழுது எதுவும் இல்லை. பையனைப் பிடித்துக் காட்டச் சொன்னேன். மணிக்கட்டு ரேகையிலிருந்து நடுவிரல் நுனி வரை அவன் கை 16 சென்டிமீட்டர்தான். விரல் பட்டனின் முன்பக்கத்தை எட்டவில்லை. சைடு பட்டனைத் தொட கட்டைவிரலை நீட்டும்போதெல்லாம் மவுஸ் திரும்பிக்கொண்டது. ஒவ்வொரு தடவை தூக்கி வைக்கவும் சுண்டுவிரலால் இறுக்கிப் பிடித்தான். "அக்கா, கொஞ்ச நேரம் விளையாடினா இங்க வலிக்குது" என்று உள்ளங்கையின் ஓரத்தைக் காட்டினான். கடையில் பழகுவதற்கு வைத்திருக்கும் லாஜிடெக் ஜி102 ஒன்றைக் கையில் கொடுத்தேன். அதன் நீளம் 117 மில்லிமீட்டர் போல, எடை 85 கிராம். பழைய மவுஸின் விலையில் பாதிகூட வராது. பிடித்த உடனே அவன் தோள் இறங்கியதை அவன் அப்பாவே கவனித்தார்.

எல்லோருக்கும் ஜி102தான் சரி என்று நான் சொல்ல வரவில்லை. பெரிய கைக்கு அது மிகச் சின்னது, விரல்கள் மடங்கிக் கிடக்கும். ரேசர் டெத்ஆடர் வி2 அதைவிட ஒரு சென்டிமீட்டர் நீளம், முதுகு உயரம், ஆனால் எடை 82 கிராம்தான். 20 சென்டிமீட்டர் கை உள்ளவர் உள்ளங்கையை முழுக்க அதன்மேல் கிடத்திவிடலாம். சோவியின் இசி வரிசையில் ஒரே வடிவத்தையே மூன்று அளவுகளில் செய்கிறார்கள். செருப்பைப் போலவே மவுஸுக்கும் அளவு உண்டு என்பதை அந்த நிறுவனமாவது ஒத்துக்கொண்டிருக்கிறது.

அளவோடு பிடிக்கும் விதமும் சேரும். சிலர் உள்ளங்கையை முழுக்கப் படியவைப்பார்கள். சிலர் விரலை வளைத்து நகத்தடியால் அழுத்துவார்கள். சிலருக்கு விரல்நுனி மட்டும்தான் படும், உள்ளங்கை தொடவே தொடாது. முதல் வகையினருக்கு முதுகு உயர்ந்த, நீளமான மவுஸ் வேண்டும். மூன்றாம் வகையினருக்குக் குட்டையான, தட்டையான, எடை குறைந்தது வேண்டும். தன் பிள்ளை எந்த வகை என்று வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் பார்த்தாலே தெரிந்துவிடும். இடக்கைப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வலக்கைக்கென்று ஒரு பக்கம் குழிந்த மவுஸை வாங்கிவிட்டால் அவர்களால் அதைப் பிடிக்கவே முடியாது. இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் வடிவத்தைக் கேட்டு வாங்குங்கள்.

எடை ஏன் முக்கியம் என்று பலர் கேட்கிறார்கள். வலோரன்டில் 800 டிபிஐ, விளையாட்டுக்குள் சென்சிட்டிவிட்டி (மவுஸ் அசைவுக்குப் பார்வை எவ்வளவு திரும்ப வேண்டும் என்ற அளவு) 0.4 என்று வைத்தால், ஒரு முழுச் சுற்று திரும்ப மவுஸை 41 சென்டிமீட்டர் இழுக்க வேண்டும். நன்றாக விளையாடும் பலர் இந்த அளவில்தான் வைத்திருக்கிறார்கள். அதாவது மணிக்கட்டு மட்டும் வேலை செய்தால் போதாது, முழங்கையும் தோளும் சேர வேண்டும். ஒரு மாலை முழுக்க இழுத்து, தூக்கி, திரும்ப வைத்து விளையாடும் கைக்கு 120 கிராமும் 80 கிராமும் ஒன்றில்லை. 2020இல் லாஜிடெக் 63 கிராமுக்கும் குறைவான ஜி ப்ரோ எக்ஸ் சூப்பர்லைட்டை விட்டதும், மற்ற நிறுவனங்களும் எடையைக் குறைப்பதில் மும்முரமானதும் இதனால்தான். விலை கூடிய அந்த மவுஸ் நம் பிள்ளைகளுக்கு அவசியமில்லை. 90 கிராமுக்குள் இருந்தால் போதும் என்பது என் கருத்து.

இதே கணக்கு மவுஸ் பேடுக்கும் பொருந்தும். 41 சென்டிமீட்டர் இழுக்க வேண்டிய இடத்தில், இலவசமாகக் கிடைத்த உள்ளங்கை அகல பேடைப் போட்டுக்கொண்டு மவுஸைக் குறை சொல்லி என்ன பயன்? மவுஸ் விலையில் ஐநூறு ரூபாயைக் குறைத்து, அந்தப் பணத்தில் 40 சென்டிமீட்டருக்குக் குறையாத துணி பேட் வாங்குங்கள். கண்ணாடி மேசைமேல் நேரடியாக வைத்தால் பெரும்பாலான சென்சார்களுக்கு எதுவும் தெரியாது.

தூக்கி வைக்கும்போது குறி நகர்கிறது என்ற புகாரும் அடிக்கடி வரும். மவுஸைத் தூக்கிய பிறகும் சென்சார் எவ்வளவு உயரம் வரை பேடைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. வீட்டில் பழைய சிடி கிடந்தால் அதைக்கொண்டே பார்க்கலாம். ஒரு சிடியின் தடிமன் 1.2 மில்லிமீட்டர். மவுஸின் வயிற்றில் இருக்கும் சென்சார் துளையை மறைக்காதபடி இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு சிடி வைத்து நகர்த்துங்கள். அம்புக்குறி அசையாவிட்டால் நல்லது. இரண்டு இரண்டாக அடுக்கிய பிறகும் அசைகிறது என்றால், மென்பொருளில் குறைக்க வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது ஸ்விட்ச். என் மேசைக்கு வரும் கேமிங் மவுஸ்களில் பாதிக்கு மேல் ஒரே புகார்: "டபுள் கிளிக் ஆகுது." ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவை அழுத்தியதாகக் கணக்காகிவிடும். பட்டனுக்கு அடியில் இருக்கும் சின்ன ஸ்விட்சுக்குள் ஒரு மெல்லிய உலோகத் தகடு இருக்கிறது. நாளாக நாளாக அதன் விறைப்பு குறையும், தொடும் முனையில் கறுப்பு ஏறும், தொட்டது துள்ளி மறுபடி தொடும். கடற்காற்றும் உப்பும் இருக்கிற எங்கள் ஊரில் எந்த உலோகமும் சீக்கிரம் கெடுகிறது, இந்தத் தகடு மட்டும் தப்புமா? மவுஸின் வயிற்றில் ஒட்டியிருக்கும் வழுக்குப் பட்டைகளை உரித்து, அடியில் ஒளிந்திருக்கும் திருகுகளைக் கழற்றி, மூன்று கால்களின் ஈயத்தை உருக்கி எடுத்துவிட்டு, புது ஸ்விட்ச் வைத்துப் பற்றவைக்க வேண்டும். ஸ்விட்ச் விலை சொற்பம்தான். அதனால் டபுள் கிளிக் வந்த மவுஸைத் தூக்கி எறிய வேண்டாம். உள்ளூரில் சால்டரிங் தெரிந்த யாரிடமும் கொடுக்கலாம். அவசரத்துக்கு, மவுஸின் மென்பொருளில் டிபவுன்ஸ் நேரம் (ஒரு அழுத்தத்துக்குப் பின் வரும் துள்ளலைக் கணக்கில் எடுக்காமல் விடும் நேரம்) என்று இருந்தால் சில மில்லி விநாடி கூட்டிப் பாருங்கள், கொஞ்ச நாள் ஓடும். புதிதாக வாங்குகிறவர்கள், முடிந்தால் ஆப்டிகல் ஸ்விட்ச் உள்ளதை வாங்கலாம். உலோகம் தொடுவதற்குப் பதில் ஒளிக்கதிர் மறைந்து விலகுவதால் அழுத்தம் பதிவாகிறது. இந்தத் துள்ளல் தொல்லை அதில் இல்லை.

பக்கவாட்டில் மெத்தென்ற ரப்பர் பூச்சு உள்ளவற்றை நான் யாருக்கும் சொல்வதில்லை. இந்த வெயிலிலும் வியர்வையிலும் அது சீக்கிரம் பிசுபிசுத்துவிடுகிறது. சொரசொரப்பான வெறும் பிளாஸ்டிக்கே மேல்.

வயர் உள்ளதா, இல்லாததா என்ற சண்டைக்கு இப்போது அர்த்தமில்லை. டாங்கிள் என்ற குட்டி ரிசீவரை யுஎஸ்பி துளையில் செருகும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மவுஸ் நன்றாகவே இருக்கிறது. புளூடூத்தில் மட்டும் போட்டி விளையாட வேண்டாம், தாமதம் தெரியும். டாங்கிளை கேபினெட்டின் பின்னால், நீல நிற யுஎஸ்பி 3 துளையில், ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்தில் செருகிவிட்டு "விட்டு விட்டு ஓடுது" என்று வருகிறார்கள். யுஎஸ்பி 3 சாதனங்கள் அதே அலைவரிசையில் இரைச்சல் போடும். பெட்டியில் கூடவே கொடுத்திருக்கும் நீட்டிப்பு வயரில் டாங்கிளைச் செருகி மவுஸுக்கு அருகே வைத்தால் சரியாகிவிடும். போலிங் ரேட், அதாவது மவுஸ் கம்ப்யூட்டருக்குத் தகவல் அனுப்பும் வேகம், 1000 ஹெர்ட்ஸ் இருந்தால் போதும். ஒரு மில்லி விநாடிக்கு ஒரு முறை தகவல் போகிறது. 8000 ஹெர்ட்ஸுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம், பழைய கம்ப்யூட்டரை அது திணறவைக்கவும் செய்யும்.

ஐயா, இ-ஸ்போர்ட்ஸ் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டுப் போட்டிகளை 2022 டிசம்பரில் மத்திய அரசு விளையாட்டுத் துறையின் கீழ் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே ஹாங்சோ ஆசியப் போட்டியில் அதற்குப் பதக்கமும் கொடுத்தார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் இதைக் கிரிக்கெட்டைப் போலவே மனசு வைத்து ஆடுகிறார்கள். கிரிக்கெட் மட்டை வாங்கப் போனால் கடைக்காரர் எடுத்துக் கையில் கொடுக்கிறார், நாலு வீச்சு வீசிப் பார்க்கச் சொல்கிறார். மவுஸை மட்டும் பிளாஸ்டிக் உறைக்குள் ஒட்டி, கண்ணாடி அலமாரியில் பூட்டிவைத்து, எண்ணைக் காட்டி விற்கிறோம். பிடித்துப் பார்க்க வழியில்லாதபோது பெற்றோர் எதை வைத்து முடிவெடுப்பார்கள்? பெட்டியில் பெரிதாக இருக்கும் எண்ணை வைத்துத்தான்.

வியாபாரிகளுக்கு, நானும் ஒரு வியாபாரியாகவே சொல்கிறேன்: சிறிசு, நடுத்தரம், பெரிசு என்று மூன்றே மூன்று மவுஸைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வையுங்கள். என் கடையில் அப்படித்தான் வைத்திருக்கிறேன். திருப்பிக் கொண்டுவருகிறவர்கள் குறைந்திருக்கிறார்கள். ஆன்லைனில் வாங்குகிறவர்கள், பிள்ளையின் கையைத் தாளில் வரைந்து அளந்துகொண்டு, மவுஸின் நீளம், அகலம், எடை மூன்றையும் படித்த பிறகு பணம் கட்டுங்கள். உங்கள் இணைப்பிதழில் அடுத்த முறை பட்டியல் போடும்போது டிபிஐ பத்தியை எடுத்துவிட்டு அந்த மூன்று அளவுகளையும், இடக்கைக்கு ஒத்துவருமா என்பதையும் போடுங்கள். அளவுகளை எடுத்துத் தர ஆள் வேண்டுமென்றால் என் கடையிலுள்ள மவுஸ்களை அளந்து அனுப்ப நான் தயார்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்தும் ஒரு வாசகி,
தூத்துக்குடி.