கடலாடி வட்டக் கடற்கரைப் பனங்காடுகளைக் கோடைத் தீயிலிருந்து காக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
பனைத் தொழிலாளர், மீனவர் குடும்பங்கள்,
மாரியூர் – நரிப்பையூர் கடற்கரைப் பகுதி,
சாயல்குடி வழி, கடலாடி வட்டம்,
இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
இராமநாதபுரம்.

பொருள்: தொடர் வறட்சியால் காய்ந்து கிடக்கும் பனங்காடுகளில் தீ பரவாமல் தடுக்க, ஆனி, ஆடியில் அடிக்கும் கச்சான் காற்று தொடங்குவதற்கு முன் நடவடிக்கை எடுக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பனையேறும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு எனக்கு இருபத்தாறு வருடம் ஆகிறது. இதில் கையெழுத்துப் போட்டிருக்கும் எல்லோருக்காகவும் நான் எழுதுகிறேன். இரண்டு வருடமாக ஐப்பசி, கார்த்திகை மழை எங்கள் பக்கம் பேருக்குத்தான் பெய்தது. கண்மாய் வெடித்துக் கிடக்கிறது. ஊருணியில் கால் நனைக்கத் தண்ணீர் இல்லை. கடற்கரை மணலில் ஊற்றுத் தோண்டினால் அகப்பையில் அள்ளி ஒரு குடம் நிரப்ப அரை நாள் ஆகிறது. குடிதண்ணீர் கேட்டுத் தங்களிடம் ஏற்கெனவே மனு கொடுத்திருக்கிறோம். இந்த மனு, வறட்சியோடு கூடவே வருகிற தீயைப் பற்றியது.

போன ஆனி மாதம் ஒரு மத்தியானம் சாலையோரப் புறம்போக்கில் வெட்டிப் போட்டிருந்த கருவேல முள்ளில் தீ பிடித்தது. யார் வைத்தார்கள், பீடித் துண்டா, குப்பைக்கு வைத்த நெருப்பா என்று இன்றுவரை தெரியாது. கச்சான் அன்று முழு மூச்சாக அடித்தது. முள்ளிலிருந்து பனையடிச் சருகுக்கு, சருகிலிருந்து மரத்தில் தொங்கிய காவோலைக்கு, அதாவது காய்ந்த ஓலைக்கு என்று ஏறிவிட்டது. உச்சிக்குப் போன பிறகு எரிகிற ஓலை காற்றில் பறந்து அடுத்த தோப்பில் விழுந்தது. அதற்குப் பிறகு எங்கே அணைப்பது என்றே யாருக்கும் தெரியவில்லை. வேப்பங்குலையும் நனைத்த சாக்கும் வைத்து அடித்தோம். தள்ளுவண்டியில் நான்கு நான்கு குடமாக, குடம் பதினைந்து ரூபாய்க்கு வாங்கி வைத்திருந்த குடிதண்ணீரைத்தான் கொண்டுபோய்க் கொட்டினோம். கரையிலிருந்து மீனவர்கள் கடல் தண்ணீரைக் குடத்தில் சுமந்து ஓடி வந்தார்கள். அவர்களுடைய வலைக் குடிசை இரண்டு எரிந்து, நைலான் வலையெல்லாம் உருகிக் கட்டியாகிவிட்டது. தீயணைப்பு வண்டி வந்தது. வந்தவர்கள் மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் தோப்புக்குள் போகும் வண்டித்தடம் வெறும் மணல். சக்கரம் புதைந்து வண்டி நின்றுவிட்டது. ஹோஸை எவ்வளவு இழுத்தும் நெருப்பு வரைக்கும் எட்டவில்லை.

எங்கள் பங்குத் தோப்பில் மட்டும் 43 பனை கருகியது. தண்டு கருகினாலும் பனை பிழைத்துக்கொள்ளும். குருத்து கருகினால் போயிற்று. நின்ற மரம் நின்றபடியே இருக்கும், தலை மட்டும் இருக்காது. இந்த 43-இல் 17 மரம் திரும்பக் குருத்து விட்டது. மற்றவை மொட்டையாக நிற்கின்றன. கீழே முளைத்திருந்த இளம்பனை, வடலி என்போம், ஒன்றும் மிஞ்சவில்லை. என் மாமனார் கொட்டை ஊன்றிய மரங்கள் அவை. இன்று நான் ஒரு கொட்டை ஊன்றினால் அது பாளை விட்டுப் பதநீர் தரப் பன்னிரண்டு, பதினைந்து வருடம் ஆகும், மழை இல்லாத மண்ணில் அதற்கு மேலும் ஆகும். என் வீட்டுக்காரருக்கு இப்போதே வயது 54. பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலியும் அன்று எரிந்தது; அதற்குக் கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்துவிட்டுப் போனார். அரிசியும் வேட்டி சேலையும் கிடைத்தன. செத்த பனைக்கு என்று எங்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

ஐயா, அந்தத் தீயில் நாங்கள் கண்ணால் பார்த்த ஒன்றைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறோம். அந்த வருடம் ஏறிய மரங்களில் அநேகமாக ஒன்றுகூடச் சாகவில்லை. செத்ததெல்லாம் பல வருடமாக ஆள் ஏறாத மரங்கள். ஏறுகிற பனையில் காவோலையைக் கழித்து, பன்னாடையை உரித்து, மட்டையைச் சுத்தமாக அரிந்து வைத்திருப்போம். தரையில் நெருப்புப் போனாலும் மேலே ஏறப் பிடிமானம் இருக்காது. ஏறாத பனை இடுப்பு வரைக்கும் காய்ந்த ஓலையைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. நெருப்புக்கு அதுதான் ஏணி.

முன்பெல்லாம் தோப்பில் ஓலை கிடக்கவே கிடக்காது. பதநீர் காய்ச்ச அதுதான் விறகு. வீட்டுக் கூரைக்குப் போகும், வேலி அடைக்கப் போகும், கருவாடு கட்டும் பெட்டி முடையப் போகும். இப்போது கூரை தகரமாகிவிட்டது, கருவாட்டுப் பெட்டி பிளாஸ்டிக் ஆகிவிட்டது, பாதி விடிலி அணைந்துவிட்டது. பிள்ளைகள் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். என் மகனையும் நான்தான் அனுப்பினேன். ஆனால் ஏறுகிற ஆள் குறையக் குறைய, தோப்பில் காய்ந்தது சேர்ந்துகொண்டே போகிறது. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என்று அரசு அறிவித்ததே, அந்தக் கோடையிலும் எங்கள் பக்கம் தீ பிடித்தது. அன்றைக்கு ஒவ்வொரு தோப்பிலும் நான்கைந்து பேர் மரத்தில் இருந்தார்கள். மேலேயிருந்து புகையைப் பார்த்ததும் குரல் கொடுத்தார்கள், ஒரு மணி நேரத்தில் அணைத்துவிட்டோம். இப்போது தீ வாசலுக்கு வந்த பிறகுதான் தெரிகிறது.

போன வருடத் தீக்குப் பிறகு நாங்கள் ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினோம். ஓரிடத்தில், இது காப்புக்காடு இல்லை, பட்டா நிலமும் புறம்போக்கும் கலந்தது, தீத்தடுப்புக் கோடு போட எங்களுக்கு வழியில்லை என்றார்கள். இன்னோரிடத்தில், தீ பிடித்தால் அழையுங்கள், முன்கூட்டிச் செய்ய எங்களிடம் நிதி இல்லை என்றார்கள். ஊராட்சியில் தீர்மானம் போட்டுத் தந்தார்கள். அதற்கு மேல் நகரவில்லை. அவரவர் சொன்னது அவரவருக்குச் சரிதான். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலைக்காடு எரிந்து மலையேறப் போனவர்கள் மாண்டபோது நாடே பதறியது. எங்களுடையதை நாங்கள் காடு என்கிறோம், கணக்கில் அது காடு இல்லை. ஆனால் அதற்குள்ளே வீடு இருக்கிறது, ஆடு இருக்கிறது, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் நடக்கிற பாதை இருக்கிறது. பனை நம் மாநில மரம். அதை வெட்டுவதென்றால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது. அதைக் கேட்டு மிகவும் சந்தோஷப்பட்டவர்கள் நாங்கள். அதே அக்கறை தீ விஷயத்திலும் வேண்டும் என்று கேட்கத்தான் வந்திருக்கிறோம்.

எல்லாவற்றுக்கும் முன்னால், இந்தப் பனங்காட்டுத் தீத்தடுப்புக்கு இன்னார்தான் பொறுப்பு என்று ஒரு அலுவலரைத் தாங்கள் எழுத்தில் நியமிக்க வேண்டும். வருவாய்த் துறையா, ஊரக வளர்ச்சித் துறையா, தீயணைப்புத் துறையா என்பதைத் தாங்களே முடிவு செய்யுங்கள். யாரிடம் போவது என்று தெரிந்தாலே எங்களுக்குப் பாதி பயம் போய்விடும்.

அடுத்து ஓலை. ஊரக வேலைத் திட்டத்தில், நாங்கள் நூறு நாள் வேலை என்று சொல்கிறோமே, அதில் பனையடிச் சருகை அள்ளுவதையும் தோப்புக்கும் குடியிருப்புக்கும் இடையே இருபது அடி அகலத்துக்குத் தரையைச் சுத்தமாக வைப்பதையும் வேலையாகச் சேர்த்துத் தர வேண்டும். பெண்களே செய்துவிடுவோம். ஏறாத மரங்களில் காவோலை கழிக்க மட்டும் பனையேறிகள் வேண்டும். மரத்துக்கு இவ்வளவு என்று கூலி வைத்தால் என் வீட்டுக்காரர் மாதிரி இன்னும் ஏறத் தெம்புள்ளவர்கள் வருவார்கள். அள்ளிய ஓலையைத் தோப்பிலேயே குவித்து எரிக்கச் சொல்லிவிட வேண்டாம். காய்ச்சுகிற விடிலிகளுக்கு அதைக் கொடுத்தால் விறகுச் செலவு மிச்சம்.

சீமைக்கருவேலத்தை அகற்றும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2017-இல் உத்தரவிட்டபோது எங்கள் ஊரிலும் பொக்லைன் ஓடியது. தூரோடு எடுக்காமல் மேலோடு வெட்டியதில் ஒன்று நான்காகத் தழைத்துவிட்டது. வெட்டிய முள்ளையும் அங்கங்கே போட்டுவிட்டுப் போனார்கள். பச்சைக் கருவேலத்தைவிட வெட்டிக் காயப்போட்ட முள்தான் எங்களுக்குப் பயம். இனி வெட்டினால் தூரோடு எடுத்து, அன்றன்றைக்கே வண்டியில் ஏற்றிவிட உத்தரவிடுங்கள். கருவேல விறகை மூட்டம் போட்டுக் கரியாக்கும் கரிமூட்டக்காரர்கள் எங்கள் சொந்தபந்தம்தான். அவர்கள் பிழைப்பைக் கெடுக்கச் சொல்லவில்லை. கச்சான் அடிக்கும் ஆனி, ஆடியில் தோப்பை ஒட்டி மூட்டம் போடக் கூடாது என்று மட்டும் ஒரு ஏற்பாடு வேண்டும். அவர்களும் அதற்குச் சம்மதித்து இதில் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

தண்ணீர் பற்றி ஒரு யோசனை. இங்கே போர் போட்டால் வருவது உவர்த் தண்ணீர். குடிக்க ஆகாது, சோறு பொங்க ஆகாது, தீயணைக்க ஆகும். தோப்போரத்தில் இரண்டு இடத்தில் உவர்நீர் ஆழ்துளைக் கிணறும், மோட்டாரும், தரைமட்டத் தொட்டியும் அமைத்து, தீயணைப்பு வண்டி நேராக மாட்டிக்கொள்ளும்படி குழாய் வைத்துத் தந்தால், குடிதண்ணீரை நெருப்பில் கொட்டும் கொடுமை எங்களுக்கு மறுபடி வராது. அந்தத் தொட்டி வரைக்கும் மணல் தடத்தில் கிராவல் அடித்து உருட்டித் தர வேண்டும். ஊர் இளைஞர்கள் பன்னிரண்டு பேர் பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். தோப்புக்குள் தொய்ந்து கிடக்கும் மின்கம்பிகளை இழுத்துக் கட்டவும் சொல்ல வேண்டும். காற்றில் அவை ஒன்றோடொன்று உரசிப் பொறி பறப்பதை இரவில் நாங்களே பார்த்திருக்கிறோம்.

கச்சான் எழும்ப இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. அதற்குள் தாங்களோ, தாங்கள் அனுப்பும் அலுவலரோ ஒருமுறை நேரில் வந்து தோப்பைப் பார்வையிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். காலையில் வந்தால் பதநீர் இறக்கும் நேரம். ஏறுகிற மரத்தையும் ஏறாத மரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பனைத் தொழிலாளர், மீனவர், கரிமூட்டத் தொழிலாளர் குடும்பங்கள்.

இடம்: மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம், இராமநாதபுரம்.

இணைப்பு: ஊராட்சித் தீர்மான நகல், எரிந்த தோப்பின் படங்கள், பயிற்சிக்குப் பெயர் கொடுத்த இளைஞர்கள் பட்டியல், கிராம மக்கள் கையொப்பங்களும் கைரேகைகளும்.