டாவோஸ் மேடையும் வங்கிகளின் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

அரசுத் தலைவர்களும் பெருநிறுவனங்களின் தலைமை நிர்வாகிகளும் ஆண்டுதோறும் சந்திக்கும் உலகப் பொருளாதார மன்றம், சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரில் 2025 ஜனவரி 20 அன்று கூடிய அதே நாளில், அமெரிக்க அதிபராகப் பொறுப்பேற்ற டிரம்ப், புவி வெப்பமாதலைக் கட்டுப்படுத்துவதற்கான பாரிஸ் உடன்படிக்கையிலிருந்து விலகும் ஆணையில் கையெழுத்திட்டார். அந்தக் கையெழுத்துக்குக்கூடக் காத்திராமல், 2021இல் தொடங்கப்பட்ட நிகர சுழிய உமிழ்வுக்கான (அதாவது, தாங்கள் கடன் தரும் தொழில்கள் வெளியிடும் வெப்ப வாயுக்களையும் அகற்றப்படும் வாயுக்களையும் சமமாக்க உறுதியளித்த) வங்கிகள் கூட்டணியிலிருந்து கோல்ட்மேன் சாக்ஸ், சிட்டி, ஜேபி மோர்கன் உள்ளிட்ட அமெரிக்காவின் ஆறு பெரிய வங்கிகள், 2024 டிசம்பர் தொடங்கி ஏறக்குறைய ஒரே மாதத்தில் அடுத்தடுத்து வெளியேறிவிட்டன என்பதே கவனிக்கத்தக்கது. ஆட்சி மாறும் முன்பே நிறம் மாறும் உறுதிமொழியை நம்பி எந்த நாடு தன் எரிசக்தித் திட்டத்தை வகுக்க முடியும்? அக்கூட்டணியும் 2025 அக்டோபரில் செயல்பாட்டை நிறுத்திக்கொண்டது. சட்டத்தின் பிடி இல்லாத, விரும்பினால் சேரலாம், விரும்பாவிட்டால் விலகலாம் என்ற ஏற்பாட்டுக்கு வேறு முடிவு வாய்த்திருந்தால்தான் வியப்பு. (பருவநிலை பற்றிப் பேசத் தனி விமானங்களில் வந்திறங்குவது தனிக்கதை.)

எனவே, டாவோஸ் செய்திகளை வெளியிடும்போது, தலைமை நிர்வாகிகளின் மேடைப் பேச்சுக்கு அருகிலேயே, அவர்களின் வங்கிகள் நிலக்கரி, எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்கு அவ்வாண்டு வழங்கிய கடன் தொகையையும் தங்கள் நாளிதழ் அச்சிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்