நியூரம்பெர்க்குக்கு ஐந்து நாள் முன்பே

ஆசிரியருக்கு வணக்கம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாஜித் தலைவர்கள் மீது நடந்த நியூரம்பெர்க் விசாரணை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால், நாஜி முகாம்களில் ஆட்களை வதைத்தவர்களுக்கும் அந்த விசாரணையில்தான் தண்டனை கிடைத்தது என்பதுபோல ஒரு வரி வருகிறது. அங்கே நிறுத்தப்பட்டவர்கள் ஹிட்லருக்கு அடுத்த இடத்தில் இருந்த கோரிங் மாதிரியான பெரிய தலைகள். அமெரிக்கப் படை மீட்ட முகாம்களின் தளபதிகளும் காவலர்களும் மருத்துவர்களும் நின்றது ஜெர்மனியின் டாஹாவ் முகாமுக்குள்ளேயே அமைத்த அமெரிக்க ராணுவ நீதிமன்றத்தில். அந்த விசாரணை 1945 நவம்பர் 15-ஆம் தேதியே தொடங்கிவிட்டது. நியூரம்பெர்க் தொடங்கியது 20-ஆம் தேதி.

டாஹாவில் அரசுத் தரப்பில் வாதாடியவர் வில்லியம் டென்சன். அலபாமாக்காரர், அப்போது வயது 32. வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் படித்துவிட்டு, ஹார்வர்டில் சட்டம் முடித்து, சொந்த ஊர் பர்மிங்ஹாமில் சாதாரண வக்கீலாக இருந்தவர். போர் வந்ததும் வெஸ்ட் பாயின்ட்டுக்கே சட்ட ஆசிரியராகப் போனார். 1945-இல் ஜெர்மனிக்கு அனுப்பினார்கள்.

முதல் வழக்கில் 40 பேர். ஒவ்வொருவர் கழுத்திலும் எண் எழுதிய அட்டை தொங்கும். யார் எவர் என்று சாட்சி கைகாட்ட வேறு வழியில்லை. முப்பது வருஷம் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவன் நான். ஏழெட்டு எதிரிகள், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள், வரிசையாக நின்றாலே அடையாளம் காட்டச் சாட்சிகள் திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.

இவன் இன்னாரைக் கொன்றான் என்று தனித்தனியாக நிரூபிக்க டென்சனால் முடியாது. செத்தவர்களில் பலருக்குப் பெயரே தெரியாது. அதனால், முகாம் என்பதே கைதிகளைக் கொடுமைப்படுத்திக் கொல்லும் ஒரு பொதுத் திட்டம், தெரிந்தே அதை ஓட்ட உதவியவர் எல்லாரும் குற்றவாளி என்று வாதத்தை அமைத்தார். கும்பலில் ஒருவர் செய்த குற்றத்துக்கு எல்லாரையும் பொறுப்பாக்கும் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 149-ஆம் பிரிவை நம் ஊர் அரசு வக்கீல்கள் தூக்கிக்கொண்டு வந்தார்களே, ஏறக்குறைய அந்த மாதிரி. டிசம்பர் 13-இல் 40 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. 36 பேருக்கு மரண தண்டனை.

அதில் ஒருவர் கிளாஸ் ஷில்லிங். காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் கோக்கிடம் பயின்ற மலேரியா நிபுணர், வயது எழுபதைத் தாண்டியவர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளுக்கு மலேரியாவை ஏற்றிச் சோதனை நடத்தியவர். நீதிமன்றத்தில் அவர் கேட்டது என்ன தெரியுமா? ஆராய்ச்சி அறிக்கையை எழுதி முடிக்க ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு டைப்ரைட்டர்!

எனக்கு நெருடுகிற இடமும் உண்டு. எதிரிகளில் முதலாவதாக நின்ற மார்ட்டின் வைஸ் தளபதியாக இருந்த காலத்தில் நிலைமை கொஞ்சம் தேவலாம் என்று முன்னாள் கைதிகளே சொன்னார்கள். அது அவரைக் காப்பாற்றவில்லை. தூக்குதான். பொதுத் திட்டம் என்ற வலையை வீசிவிட்டால் மீன்களுக்குள் பெரிசு சின்னது பார்ப்பது கஷ்டம். செவிவழிச் சாட்சியத்தையும் அந்த நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இன்னொன்று, குற்றச்சாட்டில் இருந்தது நேச நாட்டவருக்கு இழைத்த கொடுமைகள் மட்டுமே. ஜெர்மானியக் கைதிகளுக்கு நேர்ந்தது கணக்கில் வரவில்லை.

அப்புறமும் டென்சன் மற்ற முகாம்களின் வழக்குகளை நடத்தினார். மௌத்தௌசன், 61 பேர். ஃப்ளோசன்பியூர்க். 1947-இல் பூகன்வால்ட், 31 பேர். நாள் முழுக்க இதையே கேட்டுக் கேட்டு மனுஷன் இளைத்துத் துரும்பாகிவிட்டார்.

ஆனால் பெரிய அடி தீர்ப்புக்குப் பிறகுதான் விழுந்தது. பூகன்வால்ட் தளபதியின் மனைவி இல்சா கோக்குக்கு ஆயுள் தண்டனை வாங்கிக் கொடுத்திருந்தார். 1948-இல் ஜெர்மனியில் அமெரிக்க ராணுவ ஆட்சியின் தலைவராக இருந்த ஜெனரல் லூசியஸ் கிளே அதை நான்கே ஆண்டாகக் குறைத்தார். மனிதத் தோலில் விளக்குக் கூடு செய்த கதைக்கு ஆதாரம் இல்லை என்பது கிளேயின் வாதம். அந்தக் கதை நிரூபணமாகவில்லை என்பது உண்மைதான். ஆனால் கைதிகளை இல்சா கோக் அடித்ததற்கும் அடிக்க வைத்ததற்கும் சாட்சிகள் இருந்தார்கள். டென்சன் அமெரிக்க செனட் குழுவின் முன் போய் அந்தக் குறைப்பை எதிர்த்துப் பேசினார். குறைத்தது தவறு என்றே குழுவும் சொன்னது. கடைசியில் 1951-இல் ஜெர்மன் நீதிமன்றம் ஒன்றுதான் கோக்குக்கு மறுபடி ஆயுள் தண்டனை விதித்தது.

டென்சன் அணுசக்தி ஆணையத்தின் வழக்குகளைப் பார்க்கப் போய்விட்டார். பிறகு நியூயார்க்கில் வக்கீல் தொழில். 1998-இல் 85 வயதில் இறந்தார்.

கட்டுரையின் அடுத்த பகுதி வரப்போவதாகப் போட்டிருக்கிறீர்கள். அதில் டாஹாவுக்கும் இவருக்கும் இரண்டு பத்தியாவது ஒதுக்கச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர்,
திருநெல்வேலி