மூன்றாவது பூவில் ஓர் இதழ் இல்லை

அன்பு மருமகளே,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய படத்தைக் காலையில்தான் பெரிதாக்கிப் பார்த்தேன். தலையணை உறையின் ஓரத்து லேஸில் மூன்றாவது பூவுக்கு மட்டும் சிவப்பு வட்டம் போட்டு, "அத்தை, மத்த பூவுக்கெல்லாம் ஆறு இதழ், இதுக்கு மட்டும் அஞ்சு. குரோஷா ஊசியால ஒண்ணு போட்டுச் சேர்த்துடட்டுமா?" என்று கேட்டிருந்தாய். ஐம்பது வருஷத்துக்கு மேல் அந்த உறை நம் வீட்டில் இருக்கிறது. உன் அம்மா எத்தனையோ தடவை துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள். உன் அப்பா அதில் தலைவைத்துத் தூங்கியிருக்கிறார். அந்த இதழ் உன் கண்ணில்தான் பட்டது. பட்டதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும், அதனால் எழுதுகிறேன். எல்லோரும் படிக்கிறபடி எழுதுவதற்கும் காரணம் உண்டு. நாகர்கோவில், நெய்யூர், முளகுமூடு பக்கத்து வீடுகளில் இப்படி ஓர் உறையோ மேசை விரிப்போ இன்னும் எத்தனை பீரோவின் அடித்தட்டில் கிடக்கிறதோ!

முதலில் உன் கேள்விக்குப் பதில்: சேர்க்காதே.

அது குரோஷா வேலை இல்லை மக்களே. நீ பின்னுவது ஒரே நூல், ஒரே கொக்கி ஊசி. எந்த நேரத்திலும் ஊசியில் ஒரு கண்ணிதான் உயிரோடு இருக்கும். பிசகினால் நூலை இழுத்தால் போதும், சரசரவென்று பிரிந்து வந்துவிடும். உன் பாட்டி, அதாவது என் அம்மா, பின்னியது வேறு வகை. இறுக்கி அடைத்த ஒரு திண்டை மடியில் வைத்துக்கொள்வாள். அதன்மேல் பூப்போட்ட தடித்த தாள். பூவின் கோடு நெடுகத் துளை குத்தியிருக்கும், துளைக்கு ஒரு குண்டூசி. விரல் நீள மரக்கட்டைகளில் நூல் சுற்றி, இரண்டிரண்டாகச் சேர்த்துத் தொங்கவிட்டிருப்பாள். இருபது ஜோடி என்றால் நாற்பது கட்டை. கையில் இருப்பது எப்போதும் நாலுதான். நடுவிலுள்ள இரண்டை இடது மேலே வலதாக மாற்றுவது ஓர் அசைவு. இரண்டு ஜோடியையும் தனித்தனியே வலது மேலே இடதாக முறுக்குவது இன்னோர் அசைவு. மாற்று, முறுக்கு, மாற்று, ஊசி. அவ்வளவுதான் மொத்த வித்தையும். இந்த இரண்டே அசைவில் வலையும் வரும், துணிபோல் அடர்ந்த பரப்பும் வரும். சின்ன வயதில் நான் தூங்கிப்போவது அந்தக் கட்டைகள் ஒன்றோடொன்று மோதும் சத்தத்தில்தான். நெல் கொழிக்கிற சத்தம் போல இருக்கும்.

இதழ் போடுவதுதான் அதில் கஷ்டமான வேலை. நாலு நூலில் மூன்றைப் பாவாக விரித்துப் பிடித்து, நாலாவதை ஊடையாக அங்கும் இங்கும் ஓட்ட வேண்டும். குறுகலாகத் தொடங்கி, வயிறு அகன்று, மறுபடி கூராக முடியும். நெல்மணி அளவு, நெல்மணி வடிவம். முடிகிற வரை ஊடைக் கட்டையைக் கைநழுவ விடக்கூடாது. விட்டால் அதன் கனத்திலேயே நூல் இழுபட்டு, இதழ் சுருங்கி முடிச்சுபோல் ஆகிவிடும். ஒரு பூவுக்கு ஆறு தடவை அந்த மூச்சுப் பிடிப்பு.

இப்போது உன் கையிலிருக்கும் மூன்றாவது பூவைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார். இதழ் விட்டுப்போன இடத்தில் ஓட்டை விழவில்லை. நாலு நூலும் சும்மா சடைபோல் பின்னிக்கொண்டு அடுத்த ஊசிக்குப் போயிருக்கும். அன்றைக்கு ராத்திரி மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில், கைபோன போக்கில் அம்மா சடையாகப் பின்னிவிட்டுக் கடந்திருக்கிறாள். ஊசிக் காட்டுக்குள் இருக்கும்போது தெரியவில்லை. லேஸ் முழுதும் முடிந்து ஊசிகளையெல்லாம் பிடுங்கிய பிறகுதான் தெரிந்தது. பிரித்துப் போடவும் முடியாது, நாற்பது நூலும் ஒவ்வோர் அசைவாகப் பின்னோக்கி நடக்க வேண்டும்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. வேலை கொடுத்த இடத்துக்கு அம்மாவோடு நானும் போனேன். அங்கே ஒருவர் லேஸை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, விரலால் ஒவ்வொரு பூவாகத் தொட்டுக்கொண்டே வந்தார். மூன்றாவதில் விரல் நின்றது. சுருட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டார். கூலி கிடையாது, நூலுக்கான காசையும் கழித்துக்கொண்டார்கள். பதினொரு நாள் வேலை. அம்மா வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. அந்த வாரமே பாப்ளின் துணி ஒன்றரை கெஜம் எடுத்து, இந்த உறையைத் தைத்து அதன் ஓரத்தில் லேஸை வைத்து மூட்டினாள்.

நல்லபடியாக அமைந்த லேஸ் ஒரு முழம்கூட எங்கள் வீட்டில் தங்கியதில்லை. எல்லாம் எங்கெங்கோ கப்பலேறிப் போனது. அந்த ஆறாவது இதழும் இருந்திருந்தால் இந்த உறை உன் கைக்கு வந்திருக்காது.

இந்தத் தொழில் நம் ஊருக்கு வந்த கதையை நீ பள்ளிக்கூடத்தில் படித்திருக்க மாட்டாய். 1819இல் லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவ ஊழியச் சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தாவும் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். நாகர்கோவில் அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. பெண்பிள்ளைகளுக்கென்று பள்ளி நடத்திக்கொண்டிருந்த மார்த்தா 1821இல் அவர்களுக்கு லேஸ் பின்னச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். அந்தப் பிள்ளைகளில் அடிமைகளும் இருந்தார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்ததே 1855இல்தான். அதற்கும் பல வருஷம் முன்பாகவே சில பெண்கள் லேஸ் பின்னிய கூலியைச் சேர்த்து வைத்து, எசமானுக்குக் கொடுத்துத் தங்களைத் தாங்களே மீட்டுக்கொண்டார்கள். நான் முப்பது வருஷம் தையல் டீச்சராக இருந்தவள். இதைப் படித்த நாளிலிருந்து "சும்மா ஒரு கைவேலை" என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுப்பதில்லை.

ஊசியும் நூலும் நம் பக்கத்தில் அந்தக் காலத்தில் இன்னொன்றையும் செய்தன. மார்பை மூடிக்கொள்ள உரிமை மறுக்கப்பட்டிருந்த பெண்கள் குப்பாயம் தைத்துப் போட்டுக்கொண்டார்கள். அதற்காகச் சந்தையிலும் தெருவிலும் துணி கிழிபட்டு அவமானப்பட்டார்கள். 1820களில் மூண்ட அந்தத் தோள்சீலைப் போராட்டம் 1859இல் மகாராஜா மேலாடை அணிய அனுமதி தந்து அறிக்கை விட்ட பிறகுதான் ஓய்ந்தது. ஒரு தளர்ந்த ரவிக்கை, இரண்டு கை, ஒரு கழுத்து. வெட்டுவதற்கு அதைவிட எளிய உடுப்பு கிடையாது. பள்ளியில் முதல் வருஷப் பிள்ளைகளுக்கு ரவிக்கை வெட்டச் சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம் இதைச் சொல்லாமல் நான் கத்தரியை எடுத்ததில்லை.

மால்ட் தம்பதியின் மகள் எலைசாவை 1844இல் கல்யாணம் செய்தவர் யார் தெரியுமா? கால்டுவெல். திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதிய அதே கால்டுவெல்தான். எலைசா தாயிடம் கற்ற லேஸை, கணவர் ஊழியம் செய்த இடையன்குடிக்குக் கொண்டுபோய் அங்கிருந்த பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அவர் கணவரின் இலக்கணத்தை ஊரே அறியும். தேரிக்காட்டு ஓரத்தில் உட்கார்ந்து எலைசா எத்தனை பெண்களின் விரல்களுக்கு அந்த இரண்டு அசைவைப் பழக்கினார் என்பதையும் நாம் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. முளகுமூட்டுக் கதை பிறகு வந்தது. 1897இல் பெல்ஜியத்தின் ஈப்ர் நகரத்து மடத்திலிருந்து மரி லூயிஸ் தெ மீஸ்டர் என்ற கன்னியாஸ்திரீ அங்கே வந்தார். ஈப்ர் லேஸுக்கே பேர்போன ஊர். முளகுமூட்டில் அவர்கள் பராமரித்த அநாதைப் பெண்பிள்ளைகளின் மடியிலும் திண்டு ஏறியது.

கற்றுக்கொடுத்தவர்கள் பேரெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. பின்னிய பிள்ளைகளின் பேர் அனேகமாக எங்கும் இல்லை. அவர்கள் பின்னியதை அவர்களே போட்டுக்கொண்டதும் இல்லை. நன்றி ஒரு பக்கம் இருந்தாலும் இந்த வருத்தம் எனக்குத் தீரவில்லை. உன் பாட்டி பேர் அந்த உறையில் எங்கேயும் கிடையாது. அவள் கை அங்கே இருந்ததற்கு நமக்கு மிச்சமிருக்கிற சாட்சி அந்தச் சடை ஒன்றுதான். அதன்மேல் இன்னொரு கையின் இதழ் ஏற வேண்டாம்.

இன்னொன்றையும் உன்னிடம் சொல்லிவிட வேண்டும். இதுவரை உன் அப்பாவுக்குக்கூடத் தெரியாது. பிசகித் திரும்பிய லேஸ் துண்டு இன்னொன்றும் இருந்தது. வட்டமான மேசை விரிப்பு ஒன்றின் விளிம்பில் தைத்து, என் கல்யாணத்துக்கு அம்மா கொடுத்தாள். சில வருஷத்தில் மஞ்சளித்துவிட்டது. வெளுக்கட்டும் என்று ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டேன். காலையில் எடுத்தபோது பிச்சிப்பூப் போல இருந்தது. வெயிலில் காய்ந்து கொடியிலிருந்து எடுக்கும்போது, தொட்ட தொட்ட இடமெல்லாம் நூல் பொடிப்பொடியாக விட்டது. அந்த மருந்து பருத்தி நூலின் வலுவையே தின்றுவிடும் என்பது தையல் படித்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அம்மா அந்தப் பொடியை முந்தானையில் வாங்கிக்கொண்டு, "போட்டு மக்களே" என்றாள், போனால் போகட்டும் என்று. அதற்குமேல் ஒரு சொல் சொல்லவில்லை. என் கையால் அழிந்தது அது. மிச்சம் இருப்பது உன்னிடம் இருப்பது ஒன்றுதான்.

அதனால் துவைப்பதைப் பற்றிச் சொல்வதைக் கவனமாகக் கேள். மெஷினில் போடாதே. முதலில் சோப்பில்லாத பச்சைத் தண்ணீரில் ஊறவை, தண்ணீர் பழுப்பாக இறங்கும், கொட்டிவிட்டு மறுபடி ஊறவை. பிறகு பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில் அமுக்கி அமுக்கி எடு. கசக்காதே, முறுக்கிப் பிழியாதே. ஈர லேஸ் தன் கனத்திலேயே இழுபடும், அதனால் கொடியில் தொங்கவிடாமல் ஒரு துண்டின்மேல் பரப்பி, ஒவ்வொரு பூவையும் விரலால் நீவி நிழலில் காயவிடு. எடுத்து வைக்கும்போது கஞ்சி வேண்டவே வேண்டாம். கஞ்சிப் பசைக்குத்தான் இராமபாணப் பூச்சி வரும். பீரோவின் மரமோ இரும்போ நேராகப் படாமல் துவைத்த பழைய வேட்டித் துண்டில் சுற்றி வை. ஒரே மடிப்பில் வருஷக்கணக்கில் வைத்தால் அந்த மடிப்பிலேயே கிழியும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றி மடி. கூடவே ஒரு வசம்பைப் போட்டு வை.

படத்தின் மூலையில் பார்த்தேன், பொத்தான் பக்கத்தில் பாப்ளின் நைந்து சின்ன ஓட்டை விழுந்திருக்கிறது. உன் கை துறுதுறுவென்று இருந்தால் அதைத் தைத்துக் கொடு. கடை நூல் வாங்காதே, புது நூலின் வெள்ளை எடுப்பாகத் தெரியும். உறையின் உள் மடிப்பைக் கொஞ்சம் பிரித்து அதிலிருந்தே நூல் உருவிக்கொள். முடிச்சுப் போடாமல், ஓட்டைக்கு அரை அங்குலம் வெளியே, நல்ல துணியிலிருந்து தொடங்கு. முதலில் ஒரு திசையில் நெருக்கமாக ஓட்டிக்கொண்டு போ. திரும்பும் இடத்தில் நூலை இறுக்காமல் சின்ன வளையமாக விடு, துவைத்தால் சுருங்கும் அளவுக்கு அது இடம் கொடுக்கும். பிறகு குறுக்கே, ஒன்று மேலே ஒன்று கீழே. ஓட்டையின்மேல் நீயே ஒரு துண்டுத் துணி நெய்கிறாய் என்று வைத்துக்கொள். அரசு தையல் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளின் மாதிரி நோட்டை வாங்கினால் நான் முதலில் பார்ப்பது துணியின் பின்பக்கத்தைத்தான். நீயும் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு.

போன வாரம் நீ, "கம்ப்யூட்டரை மூடிட்டு நூலைக் கையில எடுத்தாத்தான் அத்தை மூச்சே வருது" என்றாய். உன் பாட்டிக்கு அது சோறு. அவளுக்கு மூச்சு வாங்கியதா வந்ததா என்று நான் கேட்டதில்லை. ஆனால் லேஸ் வேலை நின்றுபோய்ப் பல வருஷம் கழித்தும், சாயங்காலம் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவள் விரல்கள் முந்தானை நுனியை மாற்றி முறுக்கி, மாற்றி முறுக்கிக்கொண்டே இருக்கும். கூலி தராத வேலை அது. ஒருநாள் நான் பார்ப்பதைப் பார்த்துச் சிரித்தாள்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு வரும்போது இரண்டு பொருள் வாங்கி வா: வெள்ளைப் பருத்தி நூல் நல்ல முறுக்குள்ளதாக ஒரு கண்டு, துருப்பிடிக்காத குண்டூசி ஒரு டப்பா. திண்டை நான் அடைத்து வைக்கிறேன். அம்மாவின் கட்டைகள் பரணில் பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. போன ஞாயிறு எடுத்து எண்ணிப் பார்த்தேன், முப்பத்தெட்டு இருக்கிறது. பத்தொன்பது ஜோடி. உனக்கு முதலில் நாலு ஜோடி போதும்.

உன் அத்தை